அடிக்கிற கையை ரெண்டு நொடி நிறுத்துங்க: வீட்டுக்குள் வந்த சின்னப் பூச்சி எது?

சாயங்காலம் ஆறரை மணி. பாபநாசமோ, ஒரத்தநாடோ, நீடாமங்கலமோ, எந்த ஊராக இருந்தாலும் சரி, வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் நெல் நிற்கிறது. கூடத்தில் டியூப்லைட் போட்டதும் பூச்சிகள் வர ஆரம்பித்துவிடும். அதில் ஒன்று உங்கள் கழுத்தில் ஊருகிற மாதிரி இருக்கிறது. கை தானாகப் போகிறது. ஒரே அடி, ஒரு தேய்ப்பு, பூச்சி காலி.

பெரும்பாலான பூச்சிகளுக்கு இதோடு கதை முடிந்துவிடும். ஆனால் ஒரே ஒரு வகைக்கு மட்டும் கதை அங்கேதான் ஆரம்பிக்கும். மறுநாள் அந்த இடத்தில் கோடு போட்டது போலச் சிவக்கும், எரியும். அதற்கடுத்த நாள் கொப்புளம் வரும். "ராத்திரி ஏதோ கடிச்சிருச்சு" என்று நினைப்போம். உண்மையில் எதுவும் கடிக்கவில்லை. நாம் நசுக்கியதுதான் காரணம்.

வீட்டுக்குள் தெரியாத பூச்சி ஒன்றைப் பார்த்தால் நமக்கு இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, அடிப்பது. இரண்டு, மருந்து அடிப்பது. இரண்டுக்கும் முன்னால் "இது எது?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் கொப்புளமும் மிச்சம், காசும் மிச்சம். சில நேரம் உயிரும் மிச்சம். உங்கள் கையில் இருக்கும் செல்போனே இதற்குப் போதும்.

முதலில் ஐந்து கேள்விகள்

பூச்சியின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1. கால் எத்தனை? ஆறு என்றால் அது பூச்சி. எட்டு என்றால் சிலந்தி, உண்ணி, தேள் வகை. எண்ண முடியாத அளவுக்குக் கால்கள் இருந்தால் மரவட்டை அல்லது பூரான்.

2. அளவு என்ன? இதற்கு நம்ம ஊரிலேயே ஸ்கேல் இருக்கிறது. ஒரு அரிசியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரிசியில் பாதியா, அரிசி அளவா, உமியோடு இருக்கும் நெல்மணி அளவா? "சின்னதா இருந்துச்சு" என்று சொல்வதைவிட "நெல்மணி நீளம் இருந்துச்சு" என்றால் கேட்பவருக்கு உடனே புரியும்.

3. உடம்பு எப்படி இருக்கிறது? முகத்தில் யானைத் துதிக்கை மாதிரி நீட்டல் இருக்கிறதா? சிறகு உடம்பு முழுவதையும் மூடுகிறதா, பாதியில் நிற்கிறதா? எத்தனை நிறம்?

4. எங்கே இருந்தது? விளக்கைச் சுற்றியா, அரிசி டப்பாவிலா, கட்டிலிலா, சுவரிலா, பழைய புத்தகத்திலா? வீட்டுப் பூச்சியை அடையாளம் காண்பதில் நிறத்தைவிட இந்தக் கேள்வி பெரிது.

5. எப்போது வந்தது, எத்தனை வந்தது? மழை பெய்த அன்று மாலையா? பக்கத்து வயலில் அறுவடை நடந்த வாரமா? ஒன்றா, நூறா?

செல்போனில் போட்டோ எடுப்பது எப்படி?

ஓடுகிற பூச்சியைத் துரத்திக்கொண்டே எடுத்தால் கிடைப்பது ஒரு மங்கல் புள்ளிதான். அதனால் முதலில் அதை நிறுத்துங்கள். கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து மூடுங்கள். அடியில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகுங்கள். கையால் தொட வேண்டியதே இல்லை.

இனி போட்டோ. பூச்சிக்குப் பக்கத்தில் ஒரு அரிசியோ ஒரு ரூபாய் நாணயமோ தெரிகிற மாதிரி வையுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் தெரிய ஒன்று என்று மூன்று படம் எடுங்கள். செல்போனை ரொம்ப நெருக்கமாகக் கொண்டுபோனால் போகஸ் ஆகாது. ஒரு சாண் தள்ளி வைத்து ஜூம் செய்யுங்கள். திரையில் பூச்சியின் மேல் விரலால் ஒருமுறை தொட்டால் போகஸ் அங்கே நிற்கும். ஃபிளாஷ் வேண்டாம், டம்ளர் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும். இன்னொருவர் பக்கவாட்டில் டார்ச் பிடித்தால் போதும்.

படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ் போன்ற வசதிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அது சொல்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகம் முழுவதும் உள்ள ஒரே மாதிரியான படங்களைத்தான் அது காட்டுகிறது. நம்ம ஊரில் அந்தப் பூச்சி இருக்கிறதா என்று அதற்குக் கவலை கிடையாது. அது தரும் பெயரை மேலே சொன்ன ஐந்து பதில்களோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் வேளாண் அலுவலரிடம் படத்தைக் காட்டுங்கள்.

கருப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருந்தால் தொடாதீங்க!

இப்போது தொடக்கத்தில் சொன்ன பூச்சிக்கு வருவோம். இதன் அறிவியல் பெயர் பெடரஸ். செய்திகளில் "ஆசிட் பூச்சி", "நைரோபி ஈ" என்றெல்லாம் வரும். ஆனால் இது ஈ அல்ல, ஒரு வண்டு. ஆசியாவின் நெல் வயல்களில் பரவலாகக் காணப்படுவது பெடரஸ் ஃபஸ்கிபெஸ் என்ற இனம்.

அடையாளம் இதுதான்:

• நீளம் 7 முதல் 10 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு நெல்மணி நீளம், ஆனால் அதைவிட ஒல்லி.
• தலை கருப்பு. கழுத்துப் பகுதி ஆரஞ்சு. நடுவில் நீலம் அல்லது பச்சை மினுமினுக்கும் கருஞ்சிறகு. வயிறு மறுபடி ஆரஞ்சு. வால் நுனி கருப்பு.
• மேல் சிறகு பாதி உடம்போடு நின்றுவிடும், அரைக்கைச் சட்டை போட்ட மாதிரி. அதனால் முதல் பார்வைக்கு வண்டு போலவே தெரியாது, பெரிய எறும்பு போல இருக்கும்.
• வேகமாக ஓடும். சீண்டினால் வயிற்றின் நுனியைத் தேள் மாதிரி மேலே தூக்கும்.

வாலைத் தூக்கினாலும் இது கொட்டாது. நம்மைக் கடிப்பதும் இல்லை. இதன் உடம்புக்குள் ஓடும் திரவத்தில் பெடரின் என்ற நச்சு இருக்கிறது. அந்த நச்சைத் தயாரிப்பது வண்டுகூட இல்லை, அதன் உடம்புக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. வண்டு தோலின் மேல் நடந்து போகிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. நசுக்கித் தேய்க்கும்போதுதான் அந்தத் திரவம் தோலில் படுகிறது. தேய்த்த வாக்கிலேயே கோடு கோடாகக் கொப்புளம் வருவதும் இதனால்தான்.

இது நமக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நெல் வயல்களை ஒட்டிக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குள் இந்த வண்டு கூட்டமாகப் புகுந்திருக்கிறது. வயலில் உழவும் அறுவடையும் நடக்கும்போது இருக்க இடமில்லாமல் கிளம்பி, வீட்டு வெளிச்சத்தைப் பார்த்து வருகிறது என்பது அங்கே தெரியவந்தது. 2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் சுமார் 100 மாணவர்களுக்கு இதே மாதிரித் தோல் பாதிப்பு வந்து நாடு முழுவதும் செய்தியானது.

டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி என்று வயல் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறது. ஈரமும் இருக்கிறது, வீட்டு விளக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் குறுவை அறுவடை வாரங்களிலும், ஐப்பசி கார்த்திகை மழை நாட்களிலும், தை மாத சம்பா அறுவடையின்போதும் கொஞ்சம் கூடுதல் கவனம் வையுங்கள்.

மேலே ஏறிவிட்டால் என்ன செய்வது?

"ஐயோ!" என்று தட்டாதீர்கள். வாயால் ஊதிவிடுங்கள். போகவில்லை என்றால் ஒரு தாளை அதன் முன்னால் நீட்டுங்கள், அதுவாகவே ஏறிக்கொள்ளும். வெளியே கொண்டுபோய் உதறிவிடலாம்.

தெரியாமல் நசுக்கிவிட்டால்:

• உடனே சோப்பு போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். தேய்த்த கையையும் கழுவுங்கள். இதை மறந்துவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்குவதுதான் பெரிய ஆபத்து.
• அப்போது போட்டிருந்த சட்டை, துண்டு, தலையணை உறையைத் துவைக்கப் போடுங்கள்.
• உடனே ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் சிவப்பும் எரிச்சலும் வரும். பிறகு கொப்புளம் வரும். முழங்கை மடிப்பு, கழுத்து மடிப்பு போன்ற இடங்களில் ஒரு பக்கம் பட்டது எதிர்ப்பக்கத்திலும் ஒட்டி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அச்சு விழும்.
• குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றி எடுக்கலாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுண்ணாம்பு, பற்பசை, மஞ்சள் எதுவும் போட வேண்டாம். வெந்த தோலுக்கு அது இன்னொரு சோதனை.
• பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஆறிவிடும். கருந்தழும்பு கொஞ்ச நாள் இருந்து மறையும். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் இருக்கத் தேவையில்லை.

கண்ணில் பட்டால் காத்திருக்காதீர்கள். கசக்காமல், ஓடும் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். கொப்புளத்தில் சீழ் வைத்தாலும், பரப்பு பெரிதாக இருந்தாலும், காய்ச்சல் வந்தாலும், குழந்தையாக இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது நல்லது. மருந்துக் கடையில் நீங்களாக ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் போடுவது வேண்டாம்.

"அக்கி" என்று முடிவு செய்துவிடாதீங்க

வரிசையாகக் கொப்புளம் வந்தால் நம்ம ஊரில் முதலில் வரும் வார்த்தை அக்கி. உடனே காவி கரைத்து அக்கி எழுதுகிறவரைத் தேடிப் போகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. மலாய் மொழியில் இந்த வண்டுக்கு "செமுட் காயாப்" என்று பெயர். செமுட் என்றால் எறும்பு, காயாப் என்றால் அக்கி. அவர்களும் எறும்பு என்றுதான் பார்த்திருக்கிறார்கள், அக்கி என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

இரண்டும் வேறு வேறு. அக்கி என்பது வைரஸ் நோய். சிறு வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் தங்கியிருந்து, பல ஆண்டு கழித்துத் திரும்ப எழும்புவது. அதில் கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்பே அந்த இடத்தில் வலியோ எரிச்சலோ தொடங்கிவிடும். உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டை மாதிரி, கொத்துக் கொத்தாக வரும். வண்டால் வருவது பெரும்பாலும் துணி மூடாத இடத்தில், காலையில் எழுந்ததும் கண்ணில் படும் ஒரு கோடு.

இதைப் பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம்? அக்கியாக இருந்தால் அதற்கு மாத்திரை இருக்கிறது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அது நன்றாக வேலை செய்யும். பூச்சி என்று நினைத்து நாலு நாள் விட்டுவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். வயதானவர்களுக்குப் பிறகு மாதக்கணக்கில் நரம்பு வலி நிற்கலாம். சந்தேகமாக இருந்தால் முதல் நாளே மருத்துவரிடம் காட்டுங்கள். பூச்சியின் போட்டோ இருந்தால் அதையும் காட்டுங்கள். அவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. கடித்த பூச்சியே தெரியாமல், தோலில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கும் கூடவே காய்ச்சலும் இருந்தால், அது ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். புதர், புல்வெளியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியால் வருவது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாவற்றையும் பார்த்து, பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த வண்டை ஒழித்துவிட வேண்டியதுதானே?

வேண்டாம். வயலில் இது விவசாயியின் ஆள். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையானையும் தத்துப்பூச்சியையும், இலைச்சுருட்டுப் புழுவின் குஞ்சுகளையும் பிடித்துத் தின்பது இதன் வேலை. நெல் வயலின் நன்மை செய்யும் பூச்சிகள் பட்டியலில் சிலந்தி, தட்டான், பொறிவண்டோடு இதற்கும் இடம் உண்டு. கண்ணில் பட்டதையெல்லாம் கொல்கிற மருந்தை வயலில் அடித்தால் முதலில் சாவது இந்த மாதிரி காவல்காரர்கள்தான். பிறகு புகையான் இரட்டிப்பாக வரும்.

ஆக, வயலில் இருக்கட்டும், வீட்டுக்கு வரவேண்டாம். அதற்குச் செய்ய வேண்டியது விளக்கை மாற்றுவது. பளீரென்ற வெள்ளை விளக்கைவிட மஞ்சள் நிற எல்இடிக்குப் பூச்சிகள் குறைவாக வரும். பொழுது சாயும் நேரத்தில் வயல் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், அல்லது நெருக்கமான வலை அடியுங்கள். தேவையில்லாத வாசல் விளக்கை அணையுங்கள். டியூப்லைட்டுக்கு நேர் கீழே கட்டிலோ தொட்டிலோ வேண்டாம். படுக்கும் முன் போர்வையையும் தலையணையையும் ஒருமுறை உதறுங்கள். கொசுவலை இருந்தால் இரண்டு வேலைக்கும் ஆகும்.

மற்ற விருந்தாளிகள்: பெரும்பாலும் பயமில்லை

அரிசியில்: அரிசியில் பாதி அளவு, பழுப்பு நிறம், முகத்தில் துதிக்கை மாதிரி நீட்டல் இருந்தால் அது அரிசி வண்டு. பெண் வண்டு மணிக்குள்ளேயே துளை போட்டு முட்டையிடுவதால், நாம் வாங்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. சலித்து, லேசான வெயிலில் பரப்பி, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். நோயெல்லாம் பரப்பாது.

மாவு, ரவையில்: அதே அளவு, செம்பழுப்பு, தட்டையான உடம்பு, துதிக்கை இல்லை என்றால் சிவப்பு மாவு வண்டு. மாவில் காரமான கெட்ட வாடை வந்திருந்தால் சலித்துப் பயனில்லை, கொட்டிவிடுங்கள்.

நெல் மூட்டையிலிருந்து: வைக்கோல் நிறத்தில் சின்ன அந்துப்பூச்சி பறந்தால், மணிக்குள் புழு இருந்து தின்றுவிட்டு வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். நெல்லை நன்றாகக் காயவைக்காமல் மூட்டை கட்டியதும் இதற்கு ஒரு காரணம்.

விளக்கைச் சுற்றிக் கூட்டமாக: அரிசி அளவுகூட இல்லாத பச்சைப் பூச்சி, தத்தித் தத்திக் குதித்தால் பச்சைத் தத்துப்பூச்சி. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். சில நேரம் சுருக்கென்று குத்தும், அவ்வளவுதான். நமக்கு நோய் தராது. நெல்லுக்குத்தான் துங்ரோ நோயைப் பரப்பும். வீட்டு விளக்கில் இது திடீரென்று அதிகமானால் மறுநாள் வயலைப் போய்ப் பாருங்கள்.

மழை பெய்த மாலையில் சிறகோடு: நாலு சிறகும் ஒரே நீளத்தில் இருந்து, இடுப்பு ஒடுங்காமல் இருந்தால் ஈசல். வெளியிலிருந்து வந்தால் விளக்கை அணைத்தால் போதும். உங்கள் கதவு நிலையிலிருந்தோ சுவர் வெடிப்பிலிருந்தோ கிளம்பினால் உள்ளே கரையான் இருக்கிறது, உடனே கவனியுங்கள்.

சுவரில் நகரும் சாம்பல் நிறக் கூடு: இதைப் பார்த்துப் பயப்படாதவர்கள் குறைவு. தட்டையாக, பூசணி விதை மாதிரி, மண்ணும் நூலும் ஒட்டிய ஒரு சின்ன உறை. இரண்டு முனையிலிருந்தும் புழு தலை நீட்டும். அது ஒரு சிறிய அந்துப்பூச்சியின் புழு. ஒட்டடை, உதிர்ந்த முடி, கம்பளி நூல் இவைதான் அதன் சாப்பாடு. விளக்குமாற்றால் ஒட்டடை அடித்தால் தீர்ந்தது.

பழைய புத்தகத்தில்: வெள்ளி மினுக்கோடு மீன் மாதிரி வழுக்கி ஓடுவது இராமபாணப் பூச்சி. ஆளைக் கடிக்காது, தாளையும் பசையையும் தின்னும். பட்டா, பத்திரம், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பெட்டியை வருடத்துக்கு இரண்டு முறையாவது திறந்து காற்றாட வையுங்கள். ஈரம் போனால் பூச்சியும் போகும்.

மருந்து அடிப்பதற்கு முன்

மேலே உள்ள பட்டியலை மறுபடி பாருங்கள். ஈரம் போக்குவது, சலிப்பது, ஒட்டடை அடிப்பது, விளக்கை அணைப்பது. கரையான் தவிர வேறு எதற்கும் மருந்து தேவைப்படவில்லை.

வயலுக்கு வாங்கி மீதியான பூச்சிக்கொல்லியை வீட்டுக்குள் அடிப்பது, கட்டில் மேல் தெளிப்பது, குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பது, மூன்றும் ஆபத்து. திறந்தவெளிக்கென்று தயாரித்தது மூடிய அறையில் மனிதரைத்தான் முதலில் பாதிக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, நெல் மூட்டைக்குப் போடும் "மாத்திரை". அலுமினியம் பாஸ்பைடு என்ற இந்த மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற விஷவாயுவை விடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும், தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில், கிடங்குகளில் மட்டுமே பயன்படுத்த வேண்டியது இது. வீட்டில் மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் யாராவது "ரெண்டு மாத்திரை போட்டா போதும்" என்று சொன்னால், வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

யாரைக் கேட்பது?

• தோல் எரிச்சல், கொப்புளம், என்ன செய்வது என்ற சந்தேகம்: 104 மருத்துவ ஆலோசனை எண். எந்த நேரமும் கூப்பிடலாம்.

• மருந்து நெடியால் மயக்கம், வாந்தி, மூச்சுத் திணறல்: தாமதிக்காமல் 108. மருந்து டப்பாவையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்துப் போங்கள்.

• வயலிலிருந்து வந்த பூச்சி, சேமித்த நெல்லில் பூச்சி: கிசான் கால் சென்டர் 1800-180-1551. கட்டணமில்லை, தமிழில் பேசலாம், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை.

• உழவன் செயலி: தமிழ்நாடு அரசு 2018-ல் தொடங்கியது. உங்கள் கிராமத்துக்கான உதவி வேளாண்மை அலுவலர் யார் என்று இதில் பார்க்கலாம். எடுத்த மூன்று போட்டோவையும் அவரிடம் காட்டுங்கள்.

• நீங்களே படித்துப் பார்க்க: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் நெற்பயிரின் தீமை செய்யும் பூச்சிகளும் நன்மை செய்யும் பூச்சிகளும் படத்தோடு தமிழில் இருக்கின்றன. 1922 முதல் நெல்லுக்காகவே இயங்கும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையமும் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

• ரேஷன் அரிசியில் வண்டு இருந்தால்: முதலில் கடையிலேயே காட்டி மாற்றித் தரக் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் 1967 அல்லது 1800-425-5901 எண்ணில் புகார் செய்யலாம். இங்கேயும் போட்டோ கைகொடுக்கும்.

கருப்பு ஆரஞ்சு வண்டின் அடையாளத்தை இன்று இரவே வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லிவையுங்கள். சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை: அடிக்காதே, ஊது, கழுவு.